கலபாரிப் பெட்டியில் மதராஸ் துணி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. திட்டாதே. இங்கே மழைக்காலம், பாதி நாள் படகே ஓடவில்லை.

"அந்த இஜா ஜனங்க எங்கேதான்டா இருக்காங்க?" என்று கேட்டிருந்தாய். நைஜீரியாவில் நைஜர் ஆறு கடலில் விழும் முன் கிளை கிளையாகப் பிரிகிறதே, அந்தச் சதுப்புக் காட்டில்தான். 1996-ல் உருவான பயல்சா மாநிலத்தில் அவர்கள்தான் பெரும்பான்மை. ரிவர்ஸ், டெல்டா மாநிலங்களிலும் நிறைய ஊர்கள், மேற்கே ஒண்டோவில் அரோக்போ வரை. மீன் பிடிக்கப் போய் கேமரூன் கரையிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

இங்கே ஆளை விசாரித்தால் ஊரைவிட 'இபே'தான் முக்கியம். நம்மூரில் வகையறா என்போமே, ஏறக்குறைய அது. கொலொகுமா, நெம்பே, கலபாரி, ஒக்ரிகா என்று பட்டியல் நீளும். நெம்பேக்காரரும் கொலொகுமாக்காரரும் அவரவர் பேச்சில் பேசினால் சரியாகப் புரியாது, பிட்ஜின் என்கிற கலப்பு ஆங்கிலம்தான் கைகொடுக்கும். ஆனால் ஒன்று கவனித்தேன்: இவர்கள் பேச்சில் நம்மைப் போலவே வினை கடைசியில் வருகிறது. பக்கத்து மொழிகளான இக்போவிலும் யொரூபாவிலும் அப்படி இல்லை. இது தெரிந்த அன்று எனக்கு ஏனோ ஒரே சந்தோஷம்!

எண்ணெய்க் கதை உனக்குத் தெரியும். 1956-ல் ஒலோய்பிரியில் கிணறு வெட்டினார்கள், 1998-ல் கையாமாவில் இஜா இளைஞர்கள் கூடி எங்கள் மண், எங்கள் வளம் என்று அறிக்கை விட்டார்கள். சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் பாக்கெட் தண்ணீர். எழுத ஆரம்பித்தால் தாள் போதாது, நேரில் பேசுவோம்.

உனக்கு எழுத நினைத்ததே வேறு விஷயம். போன மாதம் புகுமா போயிருந்தேன், கலபாரிக்காரர்களின் ஊர். ஒரு வயதான அம்மா பெட்டியைத் திறந்து சிவப்பும் நீலமும் கட்டம் போட்ட துணி ஒன்றை எடுத்தார். பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. நம்ம மதராஸ் கட்டம்! 'இஞ்சிரி' என்கிறார்கள். அவர்கள் வீட்டில் கல்யாணமோ சாவோ இந்தத் துணி இல்லாமல் நடக்காதாம். அதை அப்படியே கட்டுவதும் இல்லை. அந்த அம்மா ஊசி முனையால் ஒரு இழையைத் தூக்கி, பிளேடால் நறுக்கி, மெல்ல உருவினார். அடுத்து இன்னொன்று. உருவ உருவத் துணி சல்லடையாகி, கட்டத்துக்குள்ளேயே புதுசாக ஒரு கோலம் எழும்பியது. இதற்குப் பெயர் 'பெலெடெ பிடெ'. ஒரு துணி முடிய வாரக் கணக்கில் ஆகுமாம்.

உன் தாத்தா இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு நம்மை விரட்டுவாரே, ஞாபகம் இருக்கா? அவர் நெய்ததை இங்கே வேண்டுமென்றே அறுக்கிறார்கள்!

உங்கள் பரணில் அவர் நெய்த பழைய துண்டு ஏதாவது கிடக்கிறதா பார். அந்த அம்மா முகர்ந்து பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவாராம். டிசம்பரில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். துவைத்து மட்டும் வைத்துவிடாதே.

அன்புடன்,
ரவி