கோனி ஐலண்டில் இன்குபேட்டர் குழந்தைகள்

புரூக்ளின், நியூயார்க்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே வேலை பழகிவிட்டது, குளிர்தான் இன்னும் பழகவில்லை. விடுமுறை நாட்களை எப்படிக் கழிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டருகே ஏறும் ரயில் கடைசியாகச் சென்று நிற்கும் இடம் கோனி ஐலண்ட் கடற்கரை என்பதால், பெரும்பாலும் அங்கேதான் போகிறேன். அங்கிருந்த கேளிக்கைப் பூங்காக்களின் வரலாற்றில், செவிலியரான உங்களுக்கென்றே அமைந்தது போல ஒரு பகுதி இருக்கிறது.

1884-இல் லாமார்கஸ் தாம்சன் என்பவர், ஐந்து சென்ட் கட்டணத்தில், மணிக்கு ஆறு மைல் வேகத்தில் சரிந்தோடும் ஒரு ரயிலை இங்கே அமைத்தார். பின்னர் 1897-இல் ஸ்டீப்பிள்சேஸ், 1903-இல் லூனா பார்க், 1904-இல் டிரீம்லேண்ட் என மூன்று பெரும் பூங்காக்கள் எழுந்தன. ஸ்டீப்பிள்சேஸ் 1907-இல் எரிந்தபோது, அதன் உரிமையாளர் ஜார்ஜ் டில்யூ, புகையும் இடிபாட்டைப் பார்க்கப் பத்து சென்ட் என்று மறுநாளே அறிவித்துவிட்டார். பிழைக்கத் தெரிந்த மனிதர்!

இந்தச் சந்தடிக்கு நடுவேதான், 1903 முதல் மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து வளர்க்கும் காட்சிக்கூடத்தை நடத்தினார். அன்றைய அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் இத்தகைய குழந்தைகளுக்கென வசதி எதுவும் இல்லாததால், பிழைக்காது என்று கைவிடப்பட்ட சிசுக்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. பெற்றோரிடம் ஒரு காசும் வாங்காமல், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கொடுத்த இருபத்தைந்து சென்ட் கட்டணத்திலேயே செவிலியர் சம்பளமும் பராமரிப்பும் நடந்தன. குழந்தை எவ்வளவு சிறியது என்று காட்டுவதற்காக, ஒரு செவிலியர் தம் விரல் மோதிரத்தைக் கழற்றி அதன் மணிக்கட்டில் மாட்டிக் காட்டுவாராம். பால் கொடுக்க அமர்த்தப்பட்ட தாய்மார்கள் கண்ட தீனியைத் தின்றால் கூனி வேலையைவிட்டே அனுப்பிவிடுவார் என்றும் சொல்கிறார்கள். அவர் முறையாக மருத்துவம் படித்ததற்கான சான்று எதுவும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும், அவரிடம் வந்த சுமார் 8,000 குழந்தைகளில் 6,500 பேர் பிழைத்ததாக அவர் தரப்புக் கணக்கு கூறுகிறது. உயிருக்குப் போராடும் சிசுவைக் காட்சிப்பொருளாக்கியது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சத்தைக் காரணமாக்கி அவரைக் குறை சொல்ல, மருத்துவமனையின் கதவு மூடப்பட்டிருந்த பெற்றோருக்கு மனம் வந்திருக்காது.

1911 மே 27 அதிகாலையில், பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களின் சூடான தார் கவிழ்ந்து டிரீம்லேண்டில் தீப்பிடித்தது. மரச்சட்டமும் சாந்துமாகக் கட்டி, எங்கும் மின்விளக்குகளால் அலங்கரித்திருந்த அந்தப் பூங்கா சில மணி நேரத்தில் சாம்பலானது. அங்கிருந்த இன்குபேட்டர் குழந்தைகள் பத்திரமாக வெளியே தூக்கிவரப்பட்டனர். டிரீம்லேண்டை மீண்டும் கட்டவில்லை. அந்த நிலத்தில் இப்போது மீன் காட்சியகம் இருக்கிறது. நகரிலுள்ள கார்னெல் மருத்துவமனை குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய பிறகு, தீக்குப் பின்னும் கோனி ஐலண்டில் நடத்திவந்த தம் கூடத்தை 1943-இல் கூனியும் மூடிவிட்டார்.

பழையவற்றில் இன்றும் ஓடுபவற்றுள் முக்கியமானவை, 1920-இல் வந்த 150 அடி உயர ‘வொண்டர் வீல்’ ராட்டினமும், 1927-இல் திறந்த ‘சைக்ளோன்’ ரோலர் கோஸ்டரும். ராட்டினத்தின் 24 பெட்டிகளில் பதினாறு, சக்கரம் சுழலும்போதே வளைந்த தண்டவாளத்தில் உள்ளும் புறமும் சறுக்குகின்றன. அவற்றில் அமர்ந்தால் கீழே விழப்போகிறோம் என்றே தோன்றும். சைக்ளோனின் மரத் தண்டவாளம் முதல் சரிவிலேயே 85 அடி கீழே இறங்குகிறது. அதில் ஏறி வந்த அன்று முழுவதும் கழுத்து வலித்தது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகளை இப்போது உங்கள் வார்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி