ஆடி முடிவதற்குள் மட்டை வேலியைக் கட்டித் தாருங்கள்

பேரூராட்சிச் செயல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தேரி என்னும் செம்மணல் மேட்டோரத்து ஓவியக்கூடத்துக்கு மேற்கே, வண்டிப் பாதையை அகலப்படுத்த வந்த ஜேசிபி, மணலைத் தடுத்துவந்த பனைமட்டை வேலியையும் பனை வரிசையையும் வாரிப்போட்டது தங்களுக்குத் தெரியும். "சுற்றுச்சுவரை 3 அடி உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று, மணல் உள்ளே வருவதாக நாங்கள் கொடுத்த மனுவுக்கு வந்த பதிலும் தெரியும். அந்தப் பதிலுக்குத்தான் இந்த மடல்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று சுவரில் முட்டி, மணலை அடியில் போடும். சரிவு ஏறி ஏறி உச்சியைத் தொட்டதும் சுவரே மணலுக்கு ஏணி. 3 அடி கூட்டினால் ஏணிக்குச் சில படி கூடும், அவ்வளவுதான். மட்டை வேலியோ பாதி அடைப்பு, பாதி சந்து. காற்று அதில் நுழைந்து வேகம் குறைந்து, மணலை அங்கேயே உதிர்த்துவிடும். வேலி உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம்வரை மணல் விழும் என்பதால், 4 அடி வேலியைச் சுவருக்கு 40 அடி தள்ளி, காற்றுக்குக் குறுக்கே கட்ட வேண்டும். உடைமரக் கம்பு 2 அடி ஆழம் இறங்க வேண்டும். மணல் பாதி மூடியதும் மட்டையை உருவி மேலே கட்ட வேண்டும். அந்த வேலியைத்தான் கேட்கிறோம்.

தோட்டத்தை விடுங்கள். மாதுளைக் கன்று புதைந்தால் தோண்டிவிடலாம், சொட்டுநீர்த் துளை அடைத்தால் ஊசியால் குத்தலாம். சுண்ணப் பூச்சை என்ன செய்வது? திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்து ஓவியங்களைப் பார்த்துவிட்டுச் சுவரோவியம் பழக வரும் பிள்ளைகள், மாதக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பை வடிகட்டிப் பூசுகிறார்கள். ஈரம் காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும். அந்தச் சில மணி நேரத்தில் மணல் ஒட்டினால், கூழாங்கல்லால் மெருகு தேய்க்கும்போது ஒவ்வொரு மணியும் கீறிக்கொண்டே போகும். கூடவரும் செம்புழுதி வெள்ளையில் இறங்கும், துடைத்தால் பரவும். மொத்தத்தையும் சுரண்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஜன்னலைச் சாத்தலாமே என்பீர்கள். காற்றுப் படாமல் சுண்ணாம்பு இறுகாது, ஐயா.

பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொன்னார்கள். அனுமதி நகல் கேட்டோம், வரவில்லை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் ஊரில் கோப்பு மட்டும் அசையாமல் கிடப்பது அதிசயந்தான்! "செந்தேரி காண வாரீர்" என்று பலகை வைக்கப் பணம் உண்டு, வேலிக்கு இல்லை.

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். ஆடி முடிவதற்குள் வேலியைக் கட்டித் தாருங்கள். ஐப்பசி மழைக்குப் பனங்கொட்டை ஊன்றினாலும் பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டாகும், அதுவரை வேலிதான். மட்டையும் கம்பும் தயாராகக் கிடக்கின்றன. இடம் புறம்போக்கு என்பதால் கட்டத் தங்கள் கையெழுத்து வேண்டும்.

இங்ஙனம்,
ஓவியக்கூடத்தார்