கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதியதற்குப் பதில்

மதுரை
சித்திரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே வெயில் தாங்கவில்லை. அக்கா பேத்தி கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, வைகாசியில் முகூர்த்தம்.

நீ வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். முழங்கால் வலி என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் உள்ளதைச் சொன்னாய். திருச்சியிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் அடக்க முடியாது, தும்மினால் சேலை நனைகிறது, ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று. இதைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாத பெண்கள் எத்தனை பேர்! நீ என்னிடம் சொன்னாய். அதனால்தான் கல்யாணப் பேச்சை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

"வயசானா இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயதில் இது அதிகம் வருகிறது, உண்மைதான். ஆனால் வருவதற்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று காரணம் சேர்ந்திருக்கும், அதில் சிலதைச் சரிசெய்யவும் முடியும். எங்கள் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா மேலூர்ப் பக்கம் இருப்பது உனக்குத் தெரியும். பல வருஷமாக சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். நெஞ்செரிச்சல் என்று கேஸ் மாத்திரையும் தினம் காலையில். போன வருஷம் பாதம் மதமதப்பாக இருக்கிறது, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கூடவே ஒன்னுக்கு வந்தால் பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் போய்விடுகிறது. இரண்டையும் தனித்தனியாக நினைத்திருந்தோம். டாக்டர் இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிட்டு, வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். 200 பிகோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்பார்கள், அக்காவுக்கு அதற்கும் நன்றாகக் கீழே.

மூத்திரப்பை நிறைந்துவிட்டது என்ற தகவல் முதுகுத் தண்டு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. "இப்போது வேண்டாம், பொறு" என்ற உத்தரவும் அதே வழியில்தான் திரும்பி வருகிறது. நரம்பின் மேலுறையைக் காப்பது பி12. அது ரொம்ப நாள் குறைந்தால் தண்டுவடமும் கை கால் நரம்புகளும் கெடும். சிலருக்கு அது மூத்திரப்பை வரைக்கும் போகும். ஈரலில் பி12 வருஷக்கணக்கில் சேமிப்பாக இருப்பதால் குறைவது வெளியே தெரியவே காலம் பிடிக்கும். அதோடு, சாப்பாட்டில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். நம் வயதில் அமிலம் குறைகிறது, கேஸ் மாத்திரை இன்னும் குறைக்கிறது, மெட்ஃபார்மின் உறிஞ்சுவதையும் தடுக்கிறது. முட்டை, மீன், கறி, பால், தயிர் என்று விலங்கிலிருந்து வருவதில்தான் பி12 உண்டு, கீரை காய்கறியில் இல்லை. நீயோ சைவம், பாலும் பிடிக்காது, சுகர் மாத்திரையும் சாப்பிடுகிறாய். உன்னை நினைத்து எனக்குக் கவலை வந்தது இதனால்தான்.

அக்காவுக்கு ஊசி போட்டார்கள். பாதம் மெதுவாகத் தெளிந்தது. ஒன்னுக்கு அவசரம் கொஞ்சம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. மீதிக்கு வேறு காரணங்கள் இருந்தன. சுகர் கட்டுப்பாட்டில் இல்லை. சர்க்கரை மூத்திரத்தில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், டாக்டர் காலைக்கு மாற்றினார். பகலெல்லாம் காலில் இறங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி மூத்திரமாகிறது. அதற்காக மத்தியானம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார். இப்போது ராத்திரி ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். இருட்டில் தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன கதி என்ற பயம் எங்களுக்கு விட்டது.

அடுத்து நீ எழுதிய வைட்டமின் டி. டி குடித்தால் கசிவு நிற்கும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதைக் கேட்டு 60,000 யூனிட் பொடியை வாராவாரம் கலக்கிக் குடிக்கிறேன், மாதக்கணக்காகிறது என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து நிறுத்தி வை. அந்த அளவு, குறைவு இருப்பவர்களுக்கு எட்டு வாரம் போலக் கொடுத்து, பிறகு குறைத்துவிடுவது. டி உடம்பில் தங்கக்கூடியது. மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், தாகம் எடுக்கும், மலம் கட்டும், மூத்திரம் இன்னும் அடிக்கடி வரும், சிறுநீரகக் கல்லும் வரலாம். நீ எதற்காகக் குடிக்கிறாயோ அதையே அது அதிகமாக்கிவிடும்.

பக்கத்து வீட்டம்மா சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மூத்திரப்பையின் தசையில் டி வந்து சேர்வதற்கான இடங்கள் உண்டு. டி குறைவான பெண்களுக்குக் கசிவு அதிகம் என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கொடுத்துப் பார்த்தபோது அப்படி நேராக நடக்கவில்லை. அமெரிக்காவில் 'வைட்டல்' என்று 25,000 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய ஆய்வு. பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட் டி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, ஏறக்குறைய ஐந்து வருஷம். அதில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட பெண்களில், டி சாப்பிட்டவர்களுக்கு மொத்தத்தில் கசிவு குறைந்துவிடவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே டி குறைவு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிஜமாகவே குறைவு இருந்தால் எலும்புக்கும் தசைக்கும் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ரத்தத்தில் பார்த்து 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிடு.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஒன்று. டி குறைவதால் கசிகிறதா, கசிவதால் டி குறைகிறதா? நீயே பார். கசிகிறது என்று நீ கோயிலுக்குப் போவதில்லை, கடைக்குப் போவதில்லை, உச்சிப்பிள்ளையாரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? வெயில் மேலே படுவது நின்றுவிட்டது. நடை குறைந்தது, தசை தளர்ந்தது, மலச்சிக்கல் வந்தது. கட்டின மலம் மூத்திரப்பையை அழுத்தி இன்னும் கசிய வைக்கிறது. வெட்கம் உன்னை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நோயை வளர்க்கிறது. நம் ஊரில் இத்தனை வெயில் இருந்தும் டி குறைந்த பெண்கள் இவ்வளவு பேர் இருப்பதில் ஆச்சரியமில்லை. விடிகாலை வெயிலில் டி உண்டாக்கும் கதிர் ரொம்பக் குறைவு, ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும், மாநிறத் தோலுக்கு அதிக நேரம் வேண்டும், வயதான தோல் உண்டாக்குவதும் குறைவு. பத்து மணி வாக்கில் கையும் காலும் படக் கொஞ்ச நேரம் வெளியே நில். கத்திரி வெயிலில் மத்தியானம் வேண்டாம்.

தண்ணீரைக் குறைத்துவிட்டேன் என்கிறாயே, அதுதான் எனக்குக் கோபம். மூத்திரம் கெட்டியானால் பை எரிச்சலாகி இன்னும் முடுக்கும், நீர்க்கடுப்பும் வரும். பகலில் நன்றாகக் குடி, பொழுது சாய்ந்த பிறகு குறை, சாயங்காலக் காபியை விடு.

ஒரு பயிற்சி உண்டு. அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதியது, இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் சொல்வது அதைத்தான். வாயு பிரியாமல் இறுக்குவோமே, அந்தத் தசையை உள்ளே மேலாக இழுத்து ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு தளர விடு. எட்டு பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதே, மூத்திரம் போகும்போது செய்து பார்க்காதே. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும். கல்யாணத்துக்குள் முழுப் பலன் கிடைக்காது, இருந்தாலும் இன்றைக்கே ஆரம்பி.

டாக்டரிடம் போகும்போது நீ சாப்பிடும் எல்லா மாத்திரையையும், அந்தப் பொடி உறையையும் பையில் எடுத்துக்கொண்டு போ. பி12, டி, கால்சியம், சுகர், மூத்திரப் பரிசோதனை பார்க்கச் சொல். மூத்திரம் போன பிறகு மூத்திரப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல். சுகர்காரர்களுக்குப் பை காலியாகாமல் வழிந்து கசிவதும் உண்டு, அதற்கு வைத்தியமே வேறு. எரிச்சலோடு காய்ச்சலோ, மூத்திரத்தில் ரத்தமோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே.

பஸ் வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் வைகை எக்ஸ்பிரஸில் சாயங்காலம் திருச்சியில் ஏறு, பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது. கதவோர இருக்கை கிடைக்குமா என்று அண்ணனைப் பார்க்கச் சொல். ராத்திரி ஸ்டேஷனுக்கு என் மகன் வருவான். மண்டபத்தில் கீழ்த்தளத்திலேயே உட்காரும் கழிப்பறை இருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டேன், அதற்கு அடுத்த அறையை உனக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன். பேட் வாங்கி நானே வைக்கிறேன். ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் பண்ணு, டிக்கெட்டை அதற்கு முன்னாலேயே எடுத்துவிடு.

உன் பழைய பெஞ்சுத் தோழி