ஏன் அடிக்கிறாய் என்று கேட்டவர்

அன்புள்ள நண்பா,

ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துகள். இங்கே எல்லாரும் நலம். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது, ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. யாரோ செய்த கணக்குத் தவறுக்கு உன்னைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். இத்தனை வருட உழைப்புக்கு இதுவா மரியாதை! அதைவிட என்னை வருத்தியது, "கிறிஸ்தவன் எதிர்த்துப் பேசக்கூடாது, மறு கன்னத்தைக் காட்டு" என்று சபையில் சிலர் உன் வாயை அடைத்தது.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவே அறைபட்டபோது என்ன செய்தார்? யோவான் சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அறைந்ததும், நான் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, ஆனால் அநியாயத்தை அநியாயம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அப்போஸ்தலன் பவுலையும் பார். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அவரையும் உடன் ஊழியரான சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். இரவில் பாடித் துதித்த அதே பவுல், காலையில் "போகலாம்" என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது மறுத்துவிட்டார். ரோமக் குடிமக்களான எங்களை வெளியரங்கமாக அடித்துவிட்டு இப்போது இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே விடட்டும் என்றார். அவர்களும் வந்து கெஞ்சினார்கள். இது வீம்பு என்று எனக்குத் தோன்றவில்லை. லீதியாளின் வீட்டில் கூடிவந்த புதிய விசுவாசிகளை விட்டுவிட்டு அவர் புறப்பட வேண்டியிருந்தது. அவர் குற்றவாளியாக ஊரைவிட்டு ஓடியிருந்தால் அந்தப் பழி அவர்கள் தலையில்தானே விழுந்திருக்கும்? உன் பிரிவில் வேலை செய்யும் இளையவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே மேல்முறையீடு செய். ஆதாரங்களோடு, கடுஞ்சொல் இல்லாமல் எழுது. உன்னை நீக்கிய அந்த அதிகாரியைப் பற்றி உனக்குத் தெரிந்த வீட்டு விஷயம் எதையும் அதில் இழுக்காதே. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அதைத்தான் யோசிக்கிறாய் என்று தெரிகிறது. வேண்டாம். "பழிவாங்குதல் எனக்குரியது" என்று ஆண்டவர் தமக்கென்று வைத்துக்கொண்ட வேலை அது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா குகையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, தாவீது சால்வையின் தொங்கலை மட்டுமே அறுத்தான். அதற்கே அவன் மனம் அவனை வாதித்தது. ஆனாலும் வெளியே வந்து, கர்த்தர் நமக்குள் நியாயம் தீர்க்கட்டும் என்று சவுலுக்குக் கேட்கும்படி சொன்னான்.

கோபம் வருகிறது, ஜெபிக்க முடியவில்லை என்கிறாய். கோபத்தையே ஜெபமாக்கு. சங்கீதங்களில் பாதி அப்படிப்பட்டவைதான் என்று எனக்குத் தோன்றும். எதுவரைக்கும் கர்த்தாவே என்று கேட்டவர்களை அவர் தள்ளிவிடவில்லை. மன்னிப்பு இன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று உன்னை நெருக்கிக்கொள்ளாதே. அந்த அதிகாரியின் பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபிக்கத் தொடங்கு, இப்போதைக்கு அது போதும்.

தீர்ப்பு உனக்குச் சாதகமாக வருமா என்று எனக்குத் தெரியாது. செய்யாத குற்றத்துக்குச் சிறையிலிருந்த யோசேப்பும் தன் நியாயத்தை அரசனின் பானபாத்திரக்காரனிடம் சொல்லியனுப்பினான், பிறகும் இரண்டு வருடம் சிறையில் கிடந்தான். அந்தக் காத்திருப்பில் உன்னைத் தனியாக விடமாட்டேன்.

மேல்முறையீட்டு மனுவை எழுதியதும் எனக்கு அனுப்பு, அன்றைக்கே படித்துத் திருத்தி அனுப்புகிறேன். பணத்துக்கு நெருக்கடி இருந்தால் கூச்சப்படாமல் சொல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய நண்பன்