தம்பிக்கு: நீ அழித்துவிட்ட கவிதை பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்கு ராத்திரி ஒன்றே முக்காலுக்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நான் படித்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் அதை அழித்தாய், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு ஒன்று பாக்கி இருந்ததால் தூங்கவில்லை. நீல டிக் வராதபடி என் பெண் எப்போதோ போனில் மாற்றி வைத்துவிட்டாள். அதனால் அக்கா பார்க்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

நேரில் பேச மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். சரி, எழுதிவிடலாம் என்று எழுதித் தபாலில் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, 'பேர் இல்லாம பிளாக்ல போட்டுக்கோக்கா' என்றாய். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால் அனுப்பியதை அப்படியே இங்கே போடுகிறேன்.

இறந்து பிறந்த உன் மகளுக்காக நீ எழுதிய கவிதையைப் பற்றி முதலில். பதினான்கு வரி. அதில் ஆறு வரியை அடித்துவிடு. வானத்து நட்சத்திரம், மலராத மொட்டு, தேவதை, இதெல்லாம் வேண்டாம். அவை நீ பார்த்தவை அல்ல, யாரோ கையில் கொடுத்துவிட்டுப் போனவை. நீ பார்த்தது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகிறாய். வேகத்தடை வருகிறது. தலை ஆடிவிடக் கூடாதே என்று உன் கை தானாகவே தலைக்கு அடியில் போகிறது. இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். அந்த வரிக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உனக்கு இப்படி ஆன பிறகு நான் தேட ஆரம்பித்தேன். நம் மொழியில் இப்படி இறந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பாட்டு இருக்கிறதா என்று. உயிரோடு பிறந்தால் தாலாட்டு, வாழ்ந்து போனால் ஒப்பாரி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு? பழமொழியில் தேடினால் கிடைத்தது இது: 'சாப்பிள்ளை பெற்றாலும் மருத்துவச்சி கூலி தப்பாது.' அந்த வீட்டில் கவலைப்பட வேண்டிய விஷயம் மருத்துவச்சிக்குக் கொடுக்க வேண்டிய கூலிதான் போலிருக்கிறது.

புறநானூறு 74 உனக்குத் தெரியும், நீயும் படித்திருப்பாய். சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடக்கிறான். தண்ணீர் கேட்கிறான், உடனே தரவில்லை. பிறகு தந்ததைக் குடிக்காமல் இந்தப் பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். தன்மானம் என்று கொட்டை எழுத்தில் கரும்பலகையில் எழுதிவிட்டு நேரே தண்ணீருக்குப் போய்விடுவேன் நான். பாட்டு எப்படித் தொடங்குகிறது என்று இந்த வருஷம்தான் நின்று பார்த்தேன்.

'குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்
ஆஅள் அன்று என்று வாளின் தப்பார்.'

குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், இது ஓர் ஆள் இல்லை என்று விட்டுவிட மாட்டார்கள். வாளால் வெட்டித்தான் புதைப்பார்கள். வீரர் குடியில் பிறந்தது விழுப்புண் இல்லாமல் போகக் கூடாது என்று. வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, 'அப்ப அந்த அம்மா எங்க இருந்தாங்க மிஸ்?' என்றாள். பாட்டில் அம்மா இல்லை. வாள் இருக்கிறது, குடிப்பெருமை இருக்கிறது. கொடுமையான வழக்கம்தான். ஆனாலும் 'ஆள் அன்று' என்று சொல்ல அவர்கள் மறுத்தார்களே, அந்த ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். 'கரு தானே, பார்த்துப் பழகறதுக்கு முன்னாடியே போச்சே, நல்லவேளை' என்று உன்னிடம் வந்து சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு இடத்திலும் 'ஆள்' என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், நீ எதிர்பார்க்காத இடத்தில். ஆஸ்பத்திரியில் உன்னிடம் படிவம் 3 என்று ஒன்று நீட்டினார்களே, தேதி, ஆணா பெண்ணா, அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் கேட்டு, குழந்தையின் பெயருக்குக் கட்டமே இல்லாமல். அந்தக் கோபத்தில் நான் 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பிறப்பு என்றால் உயிரோடு பிறப்பதும் இறந்து பிறப்பதும் என்கிறது சட்டம். இறப்பு என்றால், உயிரோடு பிறந்த பிறகு உயிரின் அடையாளம் எல்லாம் நிரந்தரமாக மறைவது. கூட்டிக் கழித்துப் பார். சட்டப்படி உன் மகள் பிறந்தாள். இறக்கவில்லை. சட்டம் எழுதியவர்கள் கவிதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் உன் பதினான்கு வரியில் இல்லாதது அதில் இருக்கிறது.

அப்புறம் மாணிக்கவாசகர். அம்மா ஆடி மாதம் முழுக்கத் திருவாசகம் வாசிப்பாளே, போற்றித் திருவகவல் வந்தால் நமக்கெல்லாம் தூக்கம் வந்துவிடும். அதில் கருப்பையில் கிடக்கும் உயிரை மாதம் மாதமாக எண்ணிக்கொண்டு போகிறார். ஒரு மாதம் பிழைத்தது, இரண்டு மாதம் பிழைத்தது என்று. 'அஞ்சு திங்களில் முஞ்சுதல் பிழைத்தும்' என்கிறார். முஞ்சுதல் என்றால் சாவு. 'எட்டுத் திங்களில் கட்டமும் பிழைத்தும், ஒன்பதில் வருதரு துன்பமும் பிழைத்தும்.' பத்தாவதற்கு வரும்போது, 'தாயொடு தான்படும் துக்க சாகரத் துயரிடைப் பிழைத்தும்.' பிறப்பைக் கொண்டாடுகிறவன் எழுதியது மாதிரி இல்லை இது. பக்கத்து ஊரில், பக்கத்து வீட்டில் எத்தனை பிள்ளை தங்காமல் போனது என்று தெரிந்த ஒருவர் எழுதியது. ஒவ்வொரு மாதமும் ஒரு கண்டம் அவருக்கு. அதைத் தாண்டி வந்ததே பெரிது.

நம்முடையது எட்டாம் மாதம். 'கட்டமும்' என்ற சொல்லுக்கு அப்பால் போகவில்லை.

இதில் ஒன்று என்னை விடவே இல்லை. பிழைத்தல் என்றால் உயிர் தப்புவது. பிழை என்றால் தவறு. இரண்டும் ஒரே வேர் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. உன் மனைவி இந்த ஐந்து மாதமாக என்னிடம் கேட்பது ஒன்றுதான்: 'நான் என்ன பிழை செஞ்சேன் அண்ணி? அன்னிக்கு மாடிப்படி ஏறினேன், அதுவா? பப்பாளிக் கொட்டை ஒன்னு வாயில போச்சே, அதுவா?' காரணம் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். பல நேரங்களில் அப்படித்தான், எவ்வளவு பார்த்தாலும் தெரிவதில்லை. உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் குழந்தைகள் 28 வாரம் கடந்த பிறகு இப்படி இறந்து பிறக்கின்றன. 19 லட்சம் அம்மாக்களும் மாடிப்படியையும் பப்பாளியையும் நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். எண்ணிக்கை ஆறுதல் ஆகாது என்று எனக்கும் தெரியும். அப்பாயி எண்ணுவாளே, 'எட்டுப் பெத்தேன், ஆறு நின்னுச்சு' என்று. கடைசிவரைக்கும் எட்டு என்றுதான் சொன்னாள், ஒரு நாளும் ஆறு பெற்றேன் என்று சொன்னதில்லை.

குலசேகர ஆழ்வாரிடம் ஒரு பாட்டு இருக்கிறது. தேவகி பாடுவது. பெற்ற பிள்ளையைக் கையில் வைத்திருக்க முடியாமல் போனவள். கரும்பு போன்றவனே தாலோ, தாமரைக் கண்ணனே தாலோ என்று வாய் நிறையப் பாடிக்கொண்டே போகிறாள். போய், 'தாலொலித்திடும் திருவினை இல்லாத் தாயரில் கடையாயின தாயே' என்று முடிக்கிறாள். தாலாட்டும் பாக்கியம் இல்லாத, அம்மாக்களிலேயே கடைசி அம்மா நான் என்று. பாட முடியாது என்று சொல்லிக்கொண்டே அவள் பாடி முடித்துவிட்டாள், பார்த்தாயா! தேவகியின் பிள்ளை எங்கேயோ உயிரோடு இருந்தான், அது வேறு. ஆனால் மடி காலியாக இருந்துகொண்டு தாலாட்டுப் பாடலாம் என்று நம் மொழியில் ஒருத்தி காட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

இதையெல்லாம் எழுதியவர்கள் ஆண்கள்தான். சிறையில் கிடந்த அரசனும் சரி, மாணிக்கவாசகரும் சரி, தேவகியின் குரலில் பாடிய ஆழ்வாரும் சரி. எங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியை எடுத்துக்கொடுத்த இன்னொன்றும் அப்படித்தான். அயர்லாந்தின் சீமஸ் ஹீனி, இறந்து பிறந்த குழந்தைக்காக ஓர் இரங்கற்பா. 1969-இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. முதல் வரியிலேயே தாய் காலி மீன்கூடை மாதிரி லேசாக நடந்து போகிறாள். காலையில் பாரத்தோடு போன மீன்காரம்மா சாயங்காலம் வெறுங்கூடையோடு திரும்புவதைப் பார்த்த நமக்கு அதற்கு உரை தேவையில்லை. ஆகவே 'இது பொம்பளைங்க சமாச்சாரம், நான் எழுதலாமாக்கா' என்று ஒரு நாள் பாதியில் நிறுத்தினாயே, அதற்குப் பதில் இதுதான்.

ஆனால் உனக்குத் தெரியாத பாதி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

மூன்றாம் நாள் உன் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டது. உடம்புக்கு யார் சொல்வது, குடிக்க ஆள் இல்லை என்று? ஜாக்கெட் நனைந்து, மேலே போட்டிருந்த துண்டு நனைந்தது. மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஆனாலும் அவள் அம்மா கடைத்தெருவுக்குப் போய் நான்கு முழம் மல்லிகை வாங்கி வந்தார். மார்பில் சரத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினோம், நானும் அவரும். பால் வற்றுவதற்கு நம் பக்கத்துப் பழைய வைத்தியம். வேலூரில் டாக்டர்கள் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988-இல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள், பூவும் வேலை செய்கிறது என்று. எனக்கு அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அறை முழுக்க ஒரு கல்யாண வீட்டு வாசனை. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

நீ வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து வரும்போது மல்லிகை வாங்கி வருகிறாய். அவள் வாங்கி நேராகச் சாமி படத்துக்குப் போட்டுவிடுகிறாள். ஏன் தலையில் வைப்பதில்லை என்று நீ கேட்டதில்லை. ஆட்டோவில் என்ன நடந்தது என்று அவளும் கேட்டதில்லை. இனிமேல் கனகாம்பரம் வாங்கி வா.

குழந்தையை உன் மனைவி பார்க்க வேண்டாம், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவு செய்தோம். நானும்தான் தலையாட்டினேன். மயக்கம் தெளிவதற்குள் நீயும் சித்தப்பாவும் கிளம்பிவிட்டீர்கள். அதை இப்போது நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நீ உன் மகளைப் பார்த்தாய், தூக்கினாய், கனம் தெரியும் உனக்கு. எட்டு மாதம் சுமந்தவளுக்கு அந்த முகம் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வளையல்களை ஒரு கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தாள். 'இங்க இருந்தா சத்தம் கேட்கற மாதிரியே இருக்கு, நீங்க வச்சிருங்க அண்ணி' என்றாள். வாங்கிக்கொண்டேன். வாசல் வரை வந்தவள் செருப்பு மாட்டும்போது குனிந்து, மெதுவாகக் கேட்டாள்: 'அண்ணி, தலைமுடி நிறைய இருந்துச்சா?'

தெரியாது என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது. உன் பதினான்கு வரியிலும் அது இல்லை.

தம்பி, தலைக்கு அடியில் கை வைத்தவன் நீதானே. அவளிடம் சொல்.

அன்புடன்,
அக்கா