அலட்சியம் என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் வாடகை வீடுகளில் வளரும் சிறு பிள்ளைகளைப் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் பேச்சிலும் எடையிலும் பின்தங்குவதற்குத் தாய்மார்களின் அலட்சியமும் ஒரு காரணம் என்று நடுவில் ஒரு வரி. பசியாற உட்கார்ந்தவள் அப்படியே எழுந்துவிட்டேன். நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

நான் 31 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் தாய்சேய் நலப் பிரிவில். இத்தனை ஆண்டுகளில் பிள்ளையை நிஜமாகவே கவனிக்காமல் விட்ட தாய்மார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தவர்கள்.

என் அம்மாவும் அப்படிச் சமாளித்தவர்தான். 1958இல் என் தம்பி பிறந்தபோது நாங்கள் லைன் வீட்டில் இருந்தோம். அம்மாவுக்குப் பால் வற்றிப்போனது. டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பாலைச் சுடுதண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். அதுதான் மளிகைக் கடையில் கடனுக்குக் கிடைத்தது. தம்பி பார்க்கக் கொழுகொழு என்றிருப்பான். ஏழாவது மாதம் வயிற்றுப்போக்கு வந்தது, மூன்றே நாளில் போய்விட்டான். 'பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள்' என்று லைன் முழுக்கப் பேசினார்கள். அம்மா 84 வயதில் கண்ணை மூடும்வரை அந்தப் பேச்சை மறக்கவில்லை.

தாதிப் பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1939இலேயே இதே சிங்கப்பூரில், ரோட்டரி சங்கத்தில் இந்தப் பாலைப் பற்றிப் பேசியிருக்கிறார். இதைக் கைக்குழந்தைக்கு ஏற்றதென்று பரப்புவதால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். அவர் குற்றம் சொன்னது விற்றவர்களையும் விளம்பரம் செய்தவர்களையும், தாய்மார்களை அல்ல. அதற்கப்புறம் 19 ஆண்டுகள் போயும் அந்தப் பேச்சு என் அம்மாவுக்கு எட்டவில்லை. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். சங்கத்தில் ஆங்கிலத்தில் பேசியது லைன் வீட்டுக்கு எப்படி வந்து சேரும்?

அது அந்தக் காலம் என்பீர்கள். உண்மைதான். 1965இல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 26 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று இரண்டு அளவில்தான். அதில் எங்கள் தலைமுறைத் தாதிகளின் உழைப்பும் இருக்கிறது. ஆனால் பால் விலையை மறந்துவிட்டீர்களா? 900 கிராம் பால்மாவு டின்னின் சராசரி விலை பத்தே ஆண்டுகளில் 120 விழுக்காடு ஏறி 56 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிவிட்டது என்று 2017இல், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசின் போட்டித்தன்மை ஆணையமே அறிக்கை வெளியிட்டது. அந்தச் சமயத்தில் நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று போட்ட தாய்மார்களை எனக்கு நேரில் தெரியும். மாதக் கடைசி வரை டின் வர வேண்டுமே என்று கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். அதையும் அலட்சியம் என்றுதான் எழுதுவீர்களா?

இப்போது வாரம் ஒருமுறை ஒரு வாடகை அடுக்குமாடி புளோக்கிற்குப் போய்வருகிறேன். அங்கே 24 வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகள். வேலைக்குப் போகலாம் என்றால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பராமரிப்பு நிலையத்தில் விடலாம் என்றால், வேலைக்குப் போகாத தாய்க்கு அரசு உதவித்தொகை குறைவாக இருந்தது. 2024 டிசம்பரிலிருந்து அது மாறிவிட்டது. குடும்ப வருமானம் மாதம் 6,000 வெள்ளிக்குள் இருந்தால், தாய் வேலையில் இல்லாவிட்டாலும் வேலை பார்க்கும் தாய்க்குரிய அதே உதவி உண்டு. உங்களுக்குத் தெரியாததல்ல. அவளுக்குத் தெரிந்தது எட்டு மாதம் கழித்து, நான் சொல்லித்தான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2016இல் தொடங்கிய கிட்ஸ்டார்ட் திட்டமும் அப்படித்தான். கருவுற்ற காலத்திலிருந்து பிள்ளைக்கு ஆறு வயதாகும்வரை துணைக்கு வருகிறார்கள், வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அருமையான திட்டம். உங்கள் முழுப்பக்கக் கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

அவளுடைய சின்னவன் வெளிறிப்போய்ச் சோர்ந்து கிடப்பான். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பாட்டிலில் பால் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவள் பாட்டி அப்படித்தான் கொடுத்தாராம். ஆறு மாதத்துக்குமேல் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இரும்புச்சத்து போதாது, தேநீரோ சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சத்தையும் உடம்பில் சரியாகச் சேர விடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டாள். அவளையா அலட்சியக்காரி என்பது?

ஆரம்பித்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சமையல் பக்கத்தில் பிள்ளைகளுக்கான உணவென்று சால்மன் மீனும் அவகாடோவும் போட்டிருந்தீர்கள். தேக்கா ஈரச்சந்தையில் நெத்திலி இல்லையா, முருங்கைக்கீரை இல்லையா, முட்டை இல்லையா? நெத்திலியைக் கழுவிப் பொடித்துக் கஞ்சியில் போட்டால் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். அப்புறம், போன ஆண்டு ஒரு சமூக மன்றத்தில் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கூட்டம் என்று தமிழில் விளம்பரம் பார்த்து ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரமும் ஆங்கிலம். என்னுடன் வந்த ஒரு பாட்டி, மரியாதைக்காகக் கடைசி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். 1939க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நான் யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி, எப்போது கூழ் தொடங்குவது, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) என்ன கேட்பது, எந்த உதவிக்கு யாரை அழைப்பது என்று எளிய தமிழில், வெட்டிச் சுவரில் ஒட்டுகிற மாதிரி போடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

கட்டுரை எழுதிய தம்பிமேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அவர் விரும்பினால் வியாழக்கிழமை மாலை என்னோடு அந்த புளோக்கிற்கு வரட்டும். ஐந்து மணிக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
பூன் லே