பாலர் பள்ளி நிர்வாகிகளுக்கு: பூச்சி மாத்திரைக்கு இரண்டாம் தவணையும் உண்டு

சிங்கப்பூரில் பாலர் பள்ளி நடத்தும் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

என் ஐந்து வயது மகள் சென்ற ஆண்டு சில நாள்களாக இரவில் ஆசனவாயைச் சொறிந்தபடி தூக்கமின்றிப் புரண்டுகொண்டிருந்தாள். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, தையல் நூலை நறுக்கிப் போட்டதுபோல் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. கீரிப்பூச்சிதான். மருத்துவர் தந்த 100 மில்லிகிராம் மெபெண்டசோல் மாத்திரையை மென்று விழுங்கினாள். சில நாள்களில் அரிப்பு நின்றது. இரண்டு வாரம் கழித்துக் கொடுக்கச் சொன்ன இரண்டாவது மாத்திரையை, இனி எதற்கு என்று இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்குள் அரிப்பு திரும்பியது.

மருந்தின் மீது குற்றமில்லை. அது வேலை செய்யும் விதத்தை நான் அறியாததே குற்றம். எங்கள் பாட்டி காலத்து விளக்கெண்ணெய் வயிற்றைக் கழுவி வெளியேற்றும். இந்த மாத்திரையோ பூச்சியைப் பட்டினி போடுகிறது. பூச்சியின் உயிரணுக்களிலுள்ள டியூபுலின் என்ற புரதத்தை மருந்து பற்றிக்கொள்வதால், உயிரணுவுக்குள் பொருள்களைக் கடத்த உதவும் நுண்குழல்கள் அங்கே உருவாவதில்லை. அதனால் குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல், சேமித்து வைத்த சக்தியும் தீர்ந்து, பூச்சி சில நாள்களில் மடிகிறது. மனித டியூபுலினைவிடப் புழுவின் டியூபுலினையே அது வலுவாகப் பற்றுகிறது. வாய்வழி உட்கொண்டதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் கலக்கிறது, மீதி பூச்சி இருக்கும் குடலிலேயே தங்குகிறது. அல்பெண்டசோல் என்ற மற்றொரு பூச்சி மருந்தும் இதே வழியில்தான் செயல்படுகிறது. ஆயினும் இவற்றை நம்பிக் கீரிப்பூச்சியின் முட்டைகளை ஒழிக்க முடியாது.

பெண் பூச்சி இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடையும் அம்முட்டைகள் நகக்கண்ணிலும் படுக்கையிலும் பொம்மையிலும் ஒட்டி, இரண்டு வாரம்வரைகூட உயிரோடிருக்கும். அவை வாய்க்குள் போய்ப் பொரித்து வளரும் பூச்சிகளைக் கொல்லத்தான் இரண்டாம் தவணை. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் சாப்பிடச் சொல்வதும் இதனால்தான். கருவுற்ற தாய்மாருக்கும் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மகளின் பள்ளியில் சொன்னபோது, மற்ற பெற்றோர் பதறுவார்கள் என்று பேச்சை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கீரிப்பூச்சி எவ்வளவு சுத்தமான வீட்டுக்கும் வரும். மறைத்தால் பகல் தூக்க மெத்தையிலிருந்து அடுத்த குழந்தைக்குப் போகும்.

ஆகவே ஒரு குழந்தைக்குத் தெரியவந்தால், பெயர் குறிப்பிடாமல் அவ்வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் அன்றே தெரிவியுங்கள். சிகிச்சை தேவைப்படும் வீடுகளுக்கு இரண்டாம் தவணைத் தேதியையும் நினைவூட்டுங்கள். மெத்தை உறைகளை வெந்நீரில் துவையுங்கள். மருந்து சாப்பிட்டு, காலையில் குளித்து, நகம் வெட்டி வரும் குழந்தையை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாலர் பள்ளிக் குழந்தை ஒன்றின் தாய்